இசைத்தட்டு மறுபதிப்பும் பதுக்கல் மனப்பான்மையும்

ஒரு பொருள் கிடைத்தற்கு அரிதாயிருப்பது வேறு. அது மக்களுக்குப் பயன்படுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, கிடைக்காததே உயர்ந்தது, எல்லோர்க்கும் கிடைப்பது தாழ்ந்தது என்று நம்பியிருக்கும் கூட்டத்தார் எல்லாத் தேசங்களிலும் உளர். அரிசி விஷயத்தில் இம்மனப்பான்மைக்குப் பதுக்கல் என்று பெயர்; சர்க்கார் அதைத் தண்டிக்கும். கலை விஷயத்திலோ அதற்கு ரசனை என்று பெயர். கற்றவர் சபைகள் அதைப் பாராட்டும். இது எவ்வளவு தூரம் நியாயம் என்பதை, ஜெர்மனி தேசத்துப் பழைய இசைத்தட்டுக்களின் மறுபதிப்பு விஷயமாய் நடந்துவரும் வாதத்தைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

"ஜெர்மானியன் அடித்த முழவுக்கும், தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துண்ணும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர்களிற் சிலர் கேட்கலாம். உழைத்தவன் ஒருவன், உடையவன் மற்றொருவன், விலை சொல்லுபவன் மூன்றாமவன் என்னும் ஏற்பாடு நமக்குப் புதியதா? அவ்வேற்பாடு இசைத்தட்டு வியாபாரத்தில் எவ்வாறு நடைபெறுகிறது என்று அறிந்துகொள்வதனால் நமக்கு நஷ்டமொன்றுமில்லை. எனவே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

1968-ம் வருஷத்தையொட்டி மேற்கு ஜெர்மனியில் இளைஞர் பலர் புதியதோர் இசை செய்யப் புறப்பட்டனர். ஹிட்லர் ஆட்சியிலும் யுத்தத்திலும் தம் தகப்பன்மார் செய்தவற்றைப் பற்றி வீட்டில் வாய்திறவாத காலம் அது. தகப்பன்மார் பாடிய பாட்டை அவ்விளைஞர் ஏற்கவில்லை. அமெரிக்க, இங்கிலீஷ் ராக் பாட்டைப் பிரதிசெய்து பிழைப்பதும் அவர்களுக்கு மானக்கேடாகப் பட்டது. அவ்வாண்டு எஸ்ஸன் நகரில் நடந்த பெரிய இசைவிழாவில் இப்புதிய கூட்டத்தாரிற் பலர் ஒன்றுகூடினர். கொலோன் நகரில் அவ்வருஷமே தோன்றிய 'கான்' என்னும் குழுவைத் தொடங்கியவர்களில் இருவர், ஸ்டாக்ஹவுசன் என்னும் பெரும் இசையறிஞரிடம் பாடங் கேட்டவர்கள். ட்யூஸ்ஸல்டார்பில் 'க்ராப்ட்வெர்க்' குழுவும், அதிலிருந்து பிரிந்த இருவர் கண்ட 'நொய்' குழுவும் எழுந்தன. வ்யூம்மெ என்னும் கிராமத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் 'பௌஸ்ட்' குழு குடியிருந்து இசை செய்தது. பெர்லினில் 'டாஞ்சரீன் ட்ரீம்', 'ஆஷ் ரா டெம்பெல்' முதலியவை தோன்றின.

இவர்கள் இசைக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'க்ரௌட்ராக்' என்பது. 'க்ரௌட்' என்றால் முட்டைக்கோசு. யுத்த காலத்தில் ஜெர்மானியரை ஏசுவதற்கு வழங்கிய சொல் அது. 'பௌஸ்ட்' குழுவினர் அவ்வேச்சுக்குப் பயந்து ஓடவில்லை. 1973-ம் வருஷத்தில் வெளியான தங்கள் நான்காவது தட்டின் முதற் பாட்டுக்கு அப்பெயரையே சூட்டினர். ஏசியவன் சொல்லையே எடுத்து மார்பில் அணிந்துகொள்ளும் துணிவு பாராட்டத்தக்கதன்றோ?

நிற்க, இத்தட்டுக்களிற் பல ஏன் அரிதாயின என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 'கான்' குழுவின் முதல் தட்டாகிய 'மான்ஸ்டர் மூவி' 1969-ம் வருஷத்தில் முதன்முதல் 500 பிரதிகளே அச்சாயிற்று. பெரிய கம்பெனி அதை எடுத்துக்கொண்டது அதன் பின்னரே. டூயிஸ்பர்க் நகரத்து இருவர் 'காலசக்ரா' என்று நம் நாட்டுச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு, 1972-ல் தங்கள் தட்டைத் தாங்களே வெளியிட்டனர். 'நொய்' குழுவின் கதை இன்னும் விநோதமானது. 1973-ல் இரண்டாவது தட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கைப்பணம் தீர்ந்துபோகவே, ஏற்கெனவே வெளியிட்ட இரண்டு பாட்டுக்களை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பதிவு செய்து மறுபக்கத்தை நிரப்பினர். ஆக, இத்தட்டுக்கள் அரிதானதற்குக் காரணம் பணமின்மை, விற்பனையின்மை, கம்பெனிகளின் அலட்சியம் ஆகியவையே. அவ்வரிமை அவ்விசையின் குணமன்று. அதைச் செய்தவர்களின் தரித்திரம் விட்டுச்சென்ற தழும்பு. அத்தழும்பைக் காட்டி மற்றொருவன் விலை கூறுகிறான்.

அங்ஙனம் விலை கூறுகிறவர்களையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். முதற்பதிப்புத் தட்டுக்களைத் தேடிச் சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும் இவர்கள், மறுபதிப்பு வெளிவந்தது என்று கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். "கண்டவர் கைக்கெல்லாம் போய்விட்டால் இதன் மகத்துவம் என்னாவது?" என்பது இவர்கள் கேள்வி. 1979-ம் வருஷத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த 'நர்ஸ் வித் வூண்ட்' என்னும் குழு, தான் விரும்பிய அபூர்வக் குழுக்களின் பெயர்ப் பட்டியலொன்றைத் தன் முதல் தட்டோடு சேர்த்து வெளியிட்டது. நல்லெண்ணத்தோடு எழுதிய அப்பட்டியலை இவர்கள் கேட்பதற்குரிய வழிகாட்டியாகக் கொள்ளாமல் வாங்கிக் குவிப்பதற்குரிய ஜாபிதாவாகக் கொண்டனர். ஒரு தட்டுக்கு ஆயிரக்கணக்கான யூரோ விலை போவதும் உண்டு. அப்பணத்தில் வாசித்தவனுக்கு ஒரு காசு போய்ச் சேருகிறதா? சேருவதில்லை. பழந்தட்டு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது லாபம் விற்றவருடையது. இசைஞன் அவ்வியாபாரத்துக்கு வெளியே நிற்கிறான்.

இவர்கள் கொண்டாடும் இசைஞரே இம்மனப்பான்மைக்கு விரோதமாக நடந்து காட்டியிருக்கின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். 1973-ல் 'பௌஸ்ட் டேப்ஸ்' என்னும் முழுநீளத் தட்டு, இங்கிலாந்தில் ஒற்றைப் பாட்டுத் தட்டின் விலைக்கு, அதாவது அரைப் பவுனுக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. கம்பெனி அதை விளம்பரத்துக்காகச் செய்தது என்பர், செய்யட்டும். பள்ளிக்கூடத்துப் பையனும் கூலிக்காரனும் அதை வாங்கினர். பதினாயிரக் கணக்கான பிரதிகள் விற்றன. வாங்கியவர்களிற் பலருக்கு அவ்விசை விளங்காமற் போயிருக்கலாம். விளங்கிய சிலரோ பின்னர்த் தாமே இசைஞராயினர். பெட்டிக்குள் பூட்டிய தட்டினால் இது நடந்திருக்குமா? பூதம் காத்த புதையல் பூதத்துக்கும் உதவுவதில்லை, ஊருக்கும் உதவுவதில்லை.

சேகரித்தவர்களுக்கு ஒரு நன்றி உண்டு; அதை மறைப்பது நமது நோக்கமன்று. கம்பெனிகள் கைவிட்ட தட்டுக்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தவர்கள் அவர்களே. மூல ஒலிநாடா தொலைந்துபோன சில இடங்களில், ஒரு சேகரிப்பாளர் மனமுவந்து கொடுத்த நல்ல தட்டிலிருந்தே மறுபதிப்புச் செய்ய முடிந்திருக்கிறது. அவர்களை நாம் வணங்குவோம். ஏட்டுச்சுவடியைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தவர்களாலே நமது பழந்தமிழ் நூல்கள் அச்சேறின. கொடுக்க மறுத்துப் பரணில் வைத்தவர்களின் சுவடிகளைச் செல் தின்றது. காத்து வைத்தவன் கொடுத்தவனாகவும் இருந்தாலன்றோ அக்காவலுக்குப் பொருள் உண்டு?

இனி இரண்டாவது கூட்டத்தாரைப் பார்ப்போம். இவர்கள் மறுபதிப்புக்கு விரோதிகள் அல்லர். மறுபதிப்பைத் தொழிலாகவே கொண்டவர்கள். ஆனால் இசைத்தவனைக் கேட்பதில்லை, கணக்குக் காட்டுவதில்லை, பணம் கொடுப்பதில்லை. ஏதோ ஒரு தட்டைச் சுழலவிட்டு, கீறல் ஓசையோடு பிரதிசெய்து, அட்டையை நகலெடுத்து ஒட்டி, "மறைந்துபோன கலையை மீட்டோம்" என்று மார்தட்டுகின்றனர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர் சொல்லும் புண்ணியம் இதுவே. உடைத்தவனுக்குப் புண்ணியம்; தேங்காய்க்காரனுக்கு நஷ்டம்.

இத்திருட்டு இவ்விசையின் இளமையிலேயே தொடங்கிவிட்டது. எஸ்ஸன் விழாவை நடத்தியவர்களில் முதல்வரும், 1970-ல் 'ஓர்' என்னும் தட்டுக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ரோல்ப் உல்ரிக் கைசர், இவ்விசைக்கு ஆதியில் பேருதவி செய்தவர். அவரே பின்னர், இசைஞர் சிலர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடி மனம்போனபடி வாசித்தவற்றை அவர்கள் சம்மதமின்றி 'காஸ்மிக் ஜோக்கர்ஸ்' என்னும் பெயரால் 1974-ல் தட்டுக்களாக வெளியிட்டார். அப்படி ஒரு குழுவே கிடையாது. வாசித்தவர்களில் ஒருவராகிய மானுவேல் க்யோட்சிங், பெர்லினில் ஒரு தட்டுக்கடைக்குச் சென்றபோது அங்கே ஒலித்துக்கொண்டிருந்த இசை தம்முடையதே என்று அப்பொழுதுதான் அறிந்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. க்ளாஸ் ஷுல்ட்ஸ் என்னும் மற்றோர் இசைஞர் கைசர்மீது நீதிமன்றம் ஏறினார். கைசரின் கம்பெனி கவிழ்ந்தது. புரவலனாக வந்தவனும் உழைப்பாளியைக் கேட்காமல் உழைப்பை விற்றால் அவனுக்கு வேறு பெயர் இல்லை.

"நாங்கள் வெளியிட்டிராவிட்டால் இவ்விசையை உலகம் மறந்திருக்கும்" என்பது இவ்வுரிமையற்ற பதிப்பாளர் கூறும் வாதம். இதில் ஒரு துளி உண்மை இருப்பதை மறுக்கவில்லை. 1990-களில் 'நொய்' குழுவின் மூன்று தட்டுக்களும் உரிமைபெற்ற குறுந்தகடாக வெளிவரவில்லை. குழுவைக் கண்ட க்ளாஸ் டிங்கரும் மிக்கேல் ரோதரும் தம்முள் உடன்பாடு காணாமையே காரணம். அவ்விடைவெளியில் திருட்டுக் குறுந்தகடுகள் கடைதோறும் விற்றன. பல இளைஞர் அவற்றின் மூலமே அவ்விசையை அறிந்தனர். ஆனால் இருவர் வழக்காடுகின்றனர் என்பதனால் அவர்கள் வயலில் மூன்றாமவன் அறுவடை செய்யலாமா? 2001-ல் அவ்விருவரும் உடன்பட்டு, மூன்று தட்டுக்களும் முறையாக வெளிவந்தன. அதுவரை விற்ற திருட்டுப் பிரதிகளின் லாபம் எங்கே போயிற்று? டிங்கர் 2008-ல் காலமானார். அவர் உயிரோடிருந்து, அவர் இசைக்குக் கிராக்கி மிகுந்திருந்த அவ்வருஷங்களின் வருமானத்தை இனி யார் திருப்பிக் கொடுப்பார்?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஆக்கியவனே மறுபதிப்பு வேண்டாம் என்றால் என் செய்வது? 'க்ராப்ட்வெர்க்' குழு 1970 முதல் 1973 வரை வெளியிட்ட முதல் மூன்று தட்டுக்களையும், குறுந்தகடு தோன்றிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரும், அக்குழுவினர் மறுபதிப்புச் செய்யவில்லை. அவை தம் முதிராப் பருவத்து முயற்சிகள் என்பது அவர்கள் எண்ணம்போலும். அம்முடிவு நமக்கு உவப்பானதன்று. கேட்க விரும்புகிறவர்களுக்கு அது ஏமாற்றமே. ஆயினும், தன் உழைப்பைச் சந்தைக்கு அனுப்பாதிருக்கும் உரிமை உழைப்பாளிக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலன்றி, அனுப்பும்போது நியாய விலை கேட்கும் உரிமையையும் அவனுக்கு நாம் நிலைநாட்ட முடியாது. ஆகையால் அம்மூன்று தட்டுக்களின் திருட்டுப் பதிப்பையும் நாம் கண்டிக்கவே வேண்டும். நமக்குப் பிடித்த இடத்தில் மட்டும் கொள்கை பேசுவது கொள்கையாகாது.

ஆனால் ஆக்கியவன் மறுப்பது வேறு. நாடாவை வைத்திருக்கும் கம்பெனி மறுப்பது வேறு. மூன்றாவது கூட்டத்தாராகிய இக்கம்பெனிகளே எல்லாரினும் பெரிய பதுக்கற்காரர். 1970-களில் சிறு கம்பெனிகள் பெரியவற்றுக்கு விலையாயின. பெரியவை அவற்றினும் பெரியவற்றுக்கு விலையாயின. இன்னின்ன நாடா தம் கிடங்கில் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், சில நூறு பிரதிகள் விற்கும் தட்டை அச்சிடுவதில் லாபம் ஏது என்பர். இசைஞன் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவர். தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோற்போர் நாயின் செய்கை இது.

இதற்கு ஒரு பரிகாரம் சட்டத்தில் உண்டு என்பதையே இக்கட்டுரையில் முக்கியமாய் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ம் வருஷத்தில் ஒரு விதி இயற்றி, ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலத்தை 50 வருஷத்திலிருந்து 70 வருஷமாக நீட்டியது. நீட்டித்ததனால் பெருலாபம் கம்பெனிகளுக்கே என்று பலர் குறை கூறினர், அக்குறை நியாயமானது. ஆனால் அவ்விதியிலேயே இசைஞனுக்கும் ஓர் ஆயுதம் தரப்பட்டது. ஒரு தட்டு வெளியாகி 50 வருஷம் கடந்த பின்னரும், கம்பெனியானது போதிய அளவு பிரதிகளை விற்பனைக்கு வைக்காமலோ, விரும்பியவர் விரும்பிய நேரத்தில் கேட்குமாறு இணையத்தில் வைக்காமலோ இருந்தால், இசைஞன் அதற்கு அறிவிப்புக் கொடுக்கலாம். அதன்பின் ஒரு வருஷத்துக்குள் கம்பெனி இரண்டையும் செய்யாவிடில், அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கம்பெனியின் உரிமையும் அத்தோடு ஒழியும். இவ்வுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அவனிடம் முன்கூட்டி எழுதி வாங்கவும் முடியாது. அன்றியும், ஒரே தடவை கூலி பெற்றுக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவர்களுக்காக, 50 வருஷத்துக்குப் பின் அத்தட்டுக்களால் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தைக் கம்பெனி ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதும் அவ்விதியே.

1971-ல் வெளியான தட்டுக்களுக்கு அந்த 50 வருஷம் 2021-ல் நிறைவேறிற்று. 1973-ன் தட்டுக்களுக்கு 2023-ல் நிறைவேறிற்று. அதாவது இக்கட்டுரைக்குப் பொருளாயுள்ள இசை முழுவதும் ஏறக்குறைய இவ்வாண்டுகளிலேயே அவ்வாயுதத்தின் எல்லைக்குள் வந்துசேர்ந்திருக்கிறது. ஆனால் ஆயுதத்தைப் பிடிக்கவேண்டிய கைகள் தளர்ந்துவிட்டன. 'கான்' குழுவினரில் மிக்கேல் கரோலி 2001-ல் இறந்தார். யாக்கி லீபட்ஸைட்டும் ஹோல்கர் சூக்காயும் 2017-ல் இறந்தனர். அக்குழுவில் பாடிய ஜப்பானியராகிய டாமோ சுசூக்கி 2024-ல் இறந்தார். ஷுல்ட்ஸும் க்யோட்சிங்கும் 2022-ல் இறந்தனர். இவர்களில் பெரும்பாலோர் பெயர் பெற்றவர்கள். அவர்களுக்காகப் பேச ஆள் உண்டு. ஒரே ஒரு தட்டோடு நின்று, பின்னர்த் தச்சுவேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போய்விட்ட பெயரறியாதவர்களுக்கு இச்சட்டம் இருப்பதை யார் சொல்வார்? அவர்களுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொடுக்க அபூர்வத் தட்டுச் சேகரிப்போர் முன்வரலாமே! ஆயிரம் யூரோ கொடுத்து ஒரு தட்டை வாங்குவதற்குள்ள ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

முறையான மறுபதிப்பு நடவாத காரியம் என்று யாரும் சொல்லற்க. 'கான்' குழுவின் பழைய ஒலிப்பதிவுக் கூடத்தைப் பெயர்த்தெடுத்துக் கண்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோன சமயத்தில் அகப்பட்ட நாடாக்களை, அக்குழுவைச் சேர்ந்த இர்மின் ஷ்மிட்டே முன்னின்று தெரிந்தெடுத்து, 2012-ல் 'லாஸ்ட் டேப்ஸ்' என்று மூன்று குறுந்தகடுகளாக வெளியிடச் செய்தார். வெளியிட்டதும் அக்குழுவின் சொந்தக் கம்பெனியாகிய 'ஸ்பூன்', மற்றொன்றோடு சேர்ந்து. 'ஹார்மோனியா' குழுவினர் 1976-ல் ப்ரையன் ஈனோவோடு சேர்ந்து வாசித்தது, 21 வருஷம் நாடாவிலேயே கிடந்து, 1997-ல் வெளிச்சம் கண்டது. 'பௌஸ்ட்' குழுவின் 1971 முதல் 1974 வரையுள்ள இசை, அதுவரை வெளிவராதவற்றோடும் சேர்த்து, 2021-ல் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனியொன்றால் பெட்டித் தொகுப்பாக வெளியாயிற்று. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இவை போதாவா?

ஆகவே ஒரு மறுபதிப்பை நல்லதென்று நாம் ஏற்பதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்கிறோம். முதலாவது, இசைத்தவரின் அல்லது அவர் வாரிசுகளின் சம்மதமும் அவர்கள் பெறும் பங்கும் தெளிவாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது, மூல நாடாவிலிருந்தா, பிரதி நாடாவிலிருந்தா, பழந்தட்டிலிருந்தா என்பதை அட்டையிலேயே சொல்லவேண்டும். தட்டிலிருந்து எடுப்பது குற்றமன்று; அதை மறைப்பதே குற்றம். கீறல் ஓசையைத் துடைப்பதாகச் சொல்லி மணியோசையின் மினுக்கையும் சேர்த்துத் துடைப்பதும், மெல்லிய பகுதியையும் உரத்த பகுதியையும் ஒரே மட்டமாக்கி இரைச்சலாக்குவதும், மீட்பென்று சொல்லிக்கொண்டு செய்யும் அழிவேயாகும். மூன்றாவது, வாசித்தவர் பெயரும், கோனி ப்ளாங்க் போன்ற ஒலிப்பதிவாளர் பெயரும், காலமும் இடமும் விளங்க எழுதப்படவேண்டும். நான்காவது, உழைப்பாளி வாங்கக்கூடிய விலையில் கிடைக்கவேண்டும். 300 பிரதிக்கு எண் போட்டு, வர்ண வினைலில் அச்சிட்டு, வெளியான மறுநாளே இரட்டிப்பு விலைக்குப் போகும்படி செய்கிற மறுபதிப்பு, பழைய பதுக்கலுக்குப் புதுச்சட்டை போட்டதேயன்றி வேறல்ல.

இந்நான்கையும் கேட்கும் அதிகாரம் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ஜெர்மன் தட்டானாலும், நமது பழைய நாடகப்பாட்டுத் தட்டானாலும், கடைக்காரன் முன் நின்று "இதில் பாடினவனுக்கு என்ன போகிறது? இது எதிலிருந்து எடுத்தது?" என்று கேட்க நமக்குக் கூச்சம் வேண்டாம். பதில் சொல்லத் தெரியாதவனிடம் காசை நீட்டவும் வேண்டாம். 1971-ல் வாசித்த கிழவன் ஒருவன் இன்று ஏதோ ஒரு ஜெர்மன் கிராமத்தில் உயிரோடிருக்கிறான். தன் தட்டு ஆயிரம் யூரோவுக்கு விற்பதைக் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் ஒரு யூரோவைக் கண்டிருக்கமாட்டான். அவன் கண்மூடுவதற்குள் அவனுக்குச் சேரவேண்டியது சேருமா என்பதே இவ்வாதத்தில் நமக்குள்ள அக்கறை. மற்றவையெல்லாம் பெட்டி வைத்திருப்பவர்களின் கவலை.